ஆற்றுக்கு ஓர் இறுதி ஊர்வலம்

1969 நவம்பரில், கனடாவின் டொராண்டோ நகரில் ஓர் இறுதி ஊர்வலம் சென்றது. மாண்டது மனிதரன்று, டான் என்னும் ஆறு. பல்கலைக்கழக மாணவர்கள் சவப்பெட்டி சுமந்து நடந்தனர். கரிய உடையணிந்த கைம்பெண் வேடத்தில் ஒருவர் அழுதவண்ணம் உடன் சென்றார். கேலிக்கூத்தெனச் சிலர் நகைத்திருக்கலாம். ஆயினும் அவ்வொப்பாரியில் பொய்யில்லை.

1880களிலேயே ஆற்றின் கீழ்ப்பகுதியை நேராக வெட்டிவிட்டனர். பின்னர்க் கழிமுகத்துச் சதுப்பு நிலத்தைத் தூர்த்து, ஆற்றைச் செங்கோணமாகத் திருப்பிக் கால்வாயில் அடைத்தனர். ஆலைக் கழிவும் சாக்கடையும் கலந்தன. 1960களில் பள்ளத்தாக்கின் வழியே விரைவுச்சாலையும் வந்தது.

அழுததோடு நின்றிருந்தால் இதனை எழுத வேண்டியதே இல்லை. 1989இல் நகர மன்றத்தின் ஆதரவோடு, குடிமக்களைக் கொண்ட டான் மீட்புக் குழு அமைந்தது. தொண்டர்கள் குப்பை அள்ளினர்; மரக்கன்றுகள் நட்டனர். 1996இல் செஸ்டர் ஸ்பிரிங்ஸ் என்னுமிடத்தில் சிறு சதுப்பு நிலமொன்றை உருவாக்கினர். ஒரு நூற்றாண்டாகத் தூர்த்தே பழகிய நகரம் அது அன்றோ!

கழிமுகத்தைச் சீரமைக்க மண்வெட்டி போதாது. 2017இல் மூன்று நிலை அரசுகளும் 125 கோடி டாலர் ஒதுக்கின. 2024இல் வளைந்து செல்லும் புதிய ஆற்றுவாய் ஒண்டாரியோ ஏரியோடு இணைந்தது. இதனை மக்கள் பணி என்பது மிகை. ஆயினும் அக்குழு 1991இலேயே தன் திட்டத்தில் கழிமுகச் சதுப்பு நிலத்தை மீட்கக் கேட்டிருந்தது. புதிய வாய் திறக்கும் முன்பே அக்குழு கலைந்துவிட்டது.