ஏழின் நடை: காண்டர்பரி இசைத்தட்டுகளும் தமிழரின் கடமும்

திருவண்ணாமலை சந்தத்தின் ஊர். பதினைந்தாம் நூற்றாண்டில் இவ்வூரில் வாழ்ந்த அருணகிரிநாதர், தாளக் கணக்கையே பக்தியின் மொழியாக்கிக் கொண்டவர். பாடலுக்குப் பாடல் புதிய சந்தம், புதிய நடை என அவர் செய்துகாட்டிய வித்தையை, வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஏடு ஏடாகத் தேடி அச்சேற்றியதால்தான் தமிழுலகம் இன்று ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்ட பாடல்களாகப் படித்து மகிழ்கிறது.

அதே ஊரில், மலையின் தென்புற அடிவாரத்தில், செங்கம் சாலையில் அமைந்தது ரமணாசிரமம். 1922-இல் அன்னை அழகம்மாள் மறைந்து, அவர்தம் சமாதியருகே ரமணர் தங்கியபின் அது உருப்பெற்றது. 1934-இல் பால் பிரன்டன் எழுதி லண்டனில் வெளிவந்த நூலும், 1954-இல் ஆர்தர் ஆஸ்பர்ன் எழுதிய வரலாறும் அருணையின் பெயரை ஆங்கிலேய வாசகர்தம் மேசைக்குக் கொண்டு சென்றன. ஆக, இவ்வூருக்கு இரு புகழ்கள்: ஒன்று சந்தம், மற்றொன்று மௌனம். இவ்விரண்டும் ஓர் ஆங்கில இளைஞர் தலைமுறையின் தேடலோடு எவ்வாறு உறவு கொண்டன என்பதும், அவ்வுறவில் தமிழ்க் கலைஞர் பெற்ற இடம் யாது என்பதும் ஆராயத்தக்கவை.

இன்னொரு திருத்தலம்

இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் உள்ள காண்டர்பரியும் ஒரு திருத்தலமே. 1170-இல் பேராயர் தாமஸ் பெக்கெட் அங்குள்ள பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பின்னர், பல நூற்றாண்டுக் காலம் யாத்திரிகர் கூட்டம் அவ்வூரை நோக்கி நடந்தது. ஆங்கிலக் கவிதையின் தந்தையெனப் போற்றப்படும் சாசர் தம் கதைகளை அந்த யாத்திரிகர்களின் வாயில்தான் வைத்தார்.

அவ்வூர்ப் பள்ளி மாணவர் சிலர் 1964-இல் ‘வைல்ட் ஃப்ளவர்ஸ்’ என்றொரு குழுவைத் தொடங்கினர். அக்குழுவின் கிளைகளாக 1966-இல் ‘சாஃப்ட் மெஷின்’, 1968-இல் ‘காரவான்’ ஆகிய இரு குழுக்கள் தோன்றின. அவர்களுக்கு மூத்தவரான டேவிட் ஆலன் என்ற ஆஸ்திரேலியர், 1967-இல் இங்கிலாந்துக்குள் மீண்டும் நுழைய அனுமதி மறுக்கப்பட்டு, பாரிஸில் தங்கி ‘காங்’ என்ற குழுவைக் கண்டார். பின்னர் ‘எக்’, ‘ஹாட்ஃபீல்ட் அண்ட் தி நார்த்’ முதலியவை எழுந்தன. இவர்களுள் பலர் காண்டர்பரியில் வாழ்ந்தவரே அல்லர். ஆயினும் ராக் இசையின் மின் ஒலியையும் ஜாஸ் இசையின் மனோதர்மத்தையும் ஒருங்கே விழைந்த இவர்களனைவரையும் ‘காண்டர்பரி மரபு’ என்றே இசை வரலாற்றாசிரியர் அழைப்பர்.

மூன்று நிமிடக் காதல் பாட்டுக்குப் பழகியிருந்த செவிகளுக்கு இவர்தம் இசைத்தட்டுகள் வியப்பளித்தன. 1970-இல் வெளிவந்த சாஃப்ட் மெஷினின் ‘தேர்ட்’ என்பது இரட்டைத் தட்டு. அதன் நான்கு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஓர் உருப்படி என நான்கே உருப்படிகள். அதே ஆண்டு ஆகஸ்ட் 13 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், செவ்வியல் இசைக்கே உரிய ‘ப்ராம்ஸ்’ விழாவில் அக்குழு வாசித்தது. 1971-இல் காரவான் வெளியிட்ட ‘இன் தி லேண்ட் ஆஃப் க்ரே அண்ட் பிங்க்’ தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் இருபத்திரண்டு நிமிட உருப்படி ஒன்றே நிறைத்தது. சாஃப்ட் மெஷினின் டிரம்ஸ் கலைஞரான ராபர்ட் வயட், 1973-இல் மாடிச் சாளரத்தினின்று வீழ்ந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். மறு ஆண்டே ‘ராக் பாட்டம்’ என்ற தட்டைப் பாடி வெளியிட்டார். கால்களால் தாளம் காத்த ஒருவர் அவற்றை இழந்தபின் குரலையே வாத்தியமாக்கிய அத்தட்டு, அம்மரபின் உருக்கமான படைப்பு.

ஏழும் ஐந்தும்

இவர்தம் புதுமைகளுள் தமிழ்ச் செவியை உடனே நிறுத்துவது தாளம். மேலை வெகுஜன இசை நான்கிலும் மூன்றிலும் அடங்குவது. காண்டர்பரியாரோ ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கைகளை நாடினர். ‘எக்’ குழு 1969-இல் ஏழென்னும் எண்ணிக்கையைக் கொண்டாடியே ஒரு பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. ஏழில் எண்ணுவது எத்துணை இன்பம் என்பதே அதன் பொருள்.

அங்கே அது செய்தி. இங்கே அது பழக்கம். ‘தகிட தகதிமி’ என மூன்றும் நான்குமாக நடக்கும் மிஸ்ர சாபுவும், ‘தக தகிட’ என்னும் கண்ட சாபுவும் தமிழகத்தில் மேடைப் பாடகர்க்கு மட்டும் உரியவை அல்ல; பஜனைக் கூடத்தில் கைத்தாளமிடும் முதியவர்க்கும் அவை வசப்படும். திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம், மிஸ்ரம், சங்கீர்ணம் என்னும் ஐந்து ஜாதிகளும் பயிலும் மாணவர்க்கு அரிச்சுவடி.

இதனைச் சொல்லிப் பெருமிதம் கொண்டு நின்றுவிடுதல் எளிது. ஆனால் அது பாதி உண்மையே. காண்டர்பரியாருக்கு அந்த எண்ணிக்கை புதிதாகக் கண்டெடுத்த பொருள். ஆகவே அதனை விளையாட்டாக, குறும்பாக, எந்தக் கட்டுக்கும் அடங்காது கையாண்டனர். தமிழ்க் கலைஞர்க்கு அது இலக்கணம். ஆகவே ஆழம் மிகுதி, ஆனால் அது மேடையில் எங்கே எப்போது ஒலிக்கலாம் என்ற வரம்பும் மிகுதி. விடுதலைக்கு இலக்கணம் தேவைப்பட்டது. இலக்கணத்துக்கு விடுதலை தேவைப்பட்டது. இவ்விரு தேவைகளும் சந்தித்த இடமே ‘சக்தி’ என்னும் குழு.

சிலம்பு கற்ற ஆசானிடம்

ஜான் மெக்லாக்லின் 1942-இல் இங்கிலாந்தின் டான்காஸ்டரில் பிறந்தவர். காண்டர்பரிக்காரர் அல்லர், எனினும் அம்மரபை ஊட்டி வளர்த்த அதே ஆங்கில ஜாஸ் மேடைகளில் உருவானவர். லண்டனில் இந்திய மெய்ப்பொருள் நூல்களைத் தேடிப் படித்த இளமைப் பருவத்தில், ரமணரைப் பற்றிய நூல் தம்மை ஈர்த்ததைப் பேட்டிகளில் நினைவுகூர்ந்துள்ளார். செங்கம் சாலையிலிருந்து புறப்பட்ட மௌனம், இவ்வாறு ஒரு கிட்டார் கலைஞரின் செவியைத் தொட்டது.

1969-இல் நியூயார்க் சென்ற அவர் மைல்ஸ் டேவிஸுடன் வாசித்தார். 1971-இல் ‘மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா’வை அமைத்தார். ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்ற 1973-ஆம் ஆண்டுத் தட்டின் முதல் உருப்படி பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்வது. எனினும் இந்தியத் தாளத்தை வெளியே நின்று பின்பற்றுவது அவருக்குப் போதவில்லை. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்கச் சென்றார்.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் டாக்டர் எஸ். இராமநாதன். இப்பெயர் இலக்கிய அன்பர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இசை நுணுக்கங்களை ஆராய்ந்து விளக்கியவர் அவர். அப்பொருளிலேயே வெஸ்லியனில் ஆய்வுப் பட்டமும் பெற்றவர். அரங்கேற்று காதையின் பண்களை ஆராய்ந்த அதே அறிஞரிடம் ஓர் ஆங்கிலேய மின்கிட்டார் கலைஞர் மாணவராக அமர்ந்தார் என்பது தமிழிசை வரலாற்றில் ஒரு வரியேனும் பெறவேண்டிய செய்தி.

கற்றதன் பயன் கருவியிலேயே தெரிந்தது. கிப்சன் நிறுவனத்தின் ஆப்ரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கெனத் தனிக் கிட்டார் ஒன்றைச் செய்தார். மெட்டுகளுக்கு இடையே பலகை குழியாகச் செதுக்கப்பட்டது; தந்தியை அழுத்தி இழுத்துக் கமகம் காட்ட அது வழி செய்தது. குறுக்கே ஏழு சுருதித் தந்திகள் பூட்டப்பட்டன. பிறர் சிதாரைத் தம் பாட்டுக்கு அணியாகச் சூட்டிக் கொண்ட காலத்தில், இவர் தம் கருவியையே மாற்றிக் கொண்டார். கடன் வாங்குவதற்கும் கற்றுக் கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

கடம் பெற்ற இடம்

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் நிகழ்ந்த கச்சேரியே ‘சக்தி’யின் முதல் தட்டாக 1976-இல் வெளிவந்தது. வயலின் எல். சங்கர்: சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தந்தை வி. லட்சுமிநாராயணன் அங்கே இசை ஆசிரியராக இருந்தார். 1958-ஆம் ஆண்டுக் கலவரத்தை அடுத்துக் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. மிருதங்கம் இராமநாதபுரம் வி. இராகவன். தபலா மும்பையின் ஜாகிர் உசேன். கடம் சென்னையின் டி. எச். விநாயக்ராம்.

அத்தட்டில் மூன்றே உருப்படிகள். ஒன்று இருபத்தொன்பது நிமிடம். அளவில் காண்டர்பரித் தட்டுகளின் உறவு. உள்ளீட்டில் கர்நாடகக் கச்சேரியின் உறவு. 1976-இல் லண்டனில் பதிவான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி’ என்னும் அடுத்த தட்டு, கொன்னக்கோல் சொற்களோடு தொடங்குகிறது. அதில் ஓர் உருப்படியின் பெயரே ‘கிருதி’. சாஃப்ட் மெஷினையும் காரவானையும் கேட்டு வளர்ந்த நகரில், மின்னொலி ஏதுமின்றி, நாவால் சொல்லும் ஜதி இசைத்தட்டின் வாயிலாயிற்று. 1977-இல் ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ வந்தது. 1978-இல் குழு கலைந்தது.

இவற்றுள் விநாயக்ராமின் இடம் தனித்து எண்ணத்தக்கது. அவர் 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் எம். எஸ். சுப்புலட்சுமிக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்; தந்தை ஹரிஹர சர்மா தாளவாத்தியப் பள்ளியைத் தோற்றுவித்தவர். ஆயினும் கச்சேரி மரபில் கடம் ஓர் உபபக்கவாத்தியம். மிருதங்கத்துக்குப் பின்னிருந்து, தனி ஆவர்த்தனம் வரும்வரை காத்திருந்து, கிடைத்த சில நிமிடங்களில் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டிய மண்பானை அது. ‘சக்தி’ மேடையிலோ அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்தனர். கிட்டார் கேட்ட கேள்விக்குக் கடம் நேராக விடை சொன்னது.

இது புதுமை போலத் தோன்றினும், ஒரு வகையில் பழமைக்குத் திரும்புதலே. அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் ஆடலாசான், இசையாசிரியன், கவிஞன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரோடு தண்ணுமை ஆசிரியனுக்கும் தனி இலக்கணம் வகுத்துச் சொல்கிறார். தாளம் காப்பவன் அங்கே பின்வரிசைக்காரன் அல்லன். சிலம்பின் இசையை விளக்கிய அறிஞரின் மாணவர் அமைத்த குழுவில் அந்நீதி மீண்டது பொருத்தமே.

யாருடைய வரலாறு?

இத்துணை இருந்தும் இத்தட்டுகள் இரு வரலாறுகளுக்கும் நடுவே விழுந்துவிட்டன. முதல் தட்டின் உறையிலேயே குழுவின் பெயரோடு மெக்லாக்லினின் பெயர் மட்டுமே தலைப்பாயிற்று. மேலை வரலாற்று நூல்கள் அவற்றை ஓர் ஆங்கிலேயரின் கலைப் பயணத்தில் ஓர் அத்தியாயமாகவே எழுதுகின்றன. தமிழிசை வரலாறு எழுதுவோரோ, இவை கச்சேரி அல்ல, கீர்த்தனை அல்ல எனக் கருதி ஒதுக்குகின்றனர். ஒரு பக்கம் தமிழர் துணைப்பாத்திரங்கள். மறுபக்கம் பாத்திரங்களே அல்லர். இழப்பு தமிழுக்கே. எழுதாத வரலாற்றைப் பிறர் எழுதுவர்; அவர் எழுதும்போது தம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவர்.

கலைஞர்கள் காத்திருக்கவில்லை. 1991-ஆம் ஆண்டின் ‘பிளானட் டிரம்’ என்ற தாளவாத்தியத் தட்டில் விநாயக்ராம் பங்கேற்றார். உலக இசைக்கென முதன்முதலாக ஏற்படுத்தப்பட்ட கிராமி விருது அதற்குக் கிடைத்தது. 1997-இல் ‘சக்தி’ புத்துயிர் பெற்றபோதும் அவர் வாசித்தார். தொடர்ந்து மகன் செல்வகணேஷ் அவ்விடத்தை ஏற்றார். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் சேர்ந்து ஒளிவீசி 2014-இல் அகால மரணமுற்றார். ‘திஸ் மொமெண்ட்’ என்ற 2023-ஆம் ஆண்டுத் தட்டு 2024 பிப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அவ்வாண்டு டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்தார். 1975-இன் மேடை இனி அவ்வாறே கூடாது. தட்டுகளே எஞ்சும்.

அத்தட்டுகளைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. முதலில் ‘தேர்ட்’ தட்டைக் கேட்டு, நாற்புறமும் சுவர்களை இடித்து வெளியேறத் துடிக்கும் இளைஞர்தம் வேட்கையை உணரலாம். பின்னர் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி’யின் தொடக்க ஜதியைக் கேட்கலாம். அதன்பின் அருணகிரியாரின் வண்ணம் ஒன்றை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால், மூன்றுக்கும் இடையே ஓடும் இழை தானே புலப்படும். சந்தம் அருணைக்கு மட்டும் உரியதன்று. ஆயின் அதன் முகவரிகளுள் ஒன்று அருணை என்பதைச் சொல்லவேண்டியவர் தமிழரே.