நரம்பும் படச்சுருளும்

ஒரு நாட்டு மக்களை அறிய விழைவோர், அந்நாட்டின் அரசியல் நிகழ்ச்சிகளை அறிந்தாலே போதுமென்று கருதுவர். ஆப்கானிஸ்தானைப் பொறுத்தவரை இக்கருத்து பெரிதும் பிழைபடுகிறது. 1978ஆம் ஆண்டின் ஆட்சிக் கவிழ்ப்பு, 1979ஆம் ஆண்டின் சோவியத் படையெடுப்பு, அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போர் என்னும் வரிசையை மாணவர் எளிதில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆயின், அம்மக்கள் எதை இழக்க அஞ்சினர், எதைக் காக்கத் துணிந்தனர் என்பதை அவ்வரிசை உரைக்காது. அதனை உரைப்பவை அவர்தம் இசையும் ஆவணப்படங்களுமாகும்.

ஆப்கானியர் தம் நாட்டுக் கருவியாகப் போற்றுவது ரபாப். தஞ்சை வீணைக்குப் பலா மரம் போல ரபாபுக்கு முசுக்கட்டை மரம். மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, நரம்பு பூட்டுவர். முதன்மை நரம்புகளை மீட்டுங்கால், அருகிலுள்ள துணை நரம்புகள் விரல் படாமலே அதிர்ந்து ஒலிக்கும். வட இந்திய இசையரங்கில் சிறந்து விளங்கும் சரோத், இக்கருவியின் வழித்தோன்றல் என்பர்.

இசையுறவு ஒருவழிப் போக்காக அமையவில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட அமீர் ஷேர் அலி கான், இந்திய இசைவாணரைக் காபூல் அரசவைக்கு வரவழைத்தார். அவர்கள் குடியேறிய கராபாத் என்னும் தெரு, தலைமுறை தலைமுறையாக இசைவாணரை ஈன்றது. பாட்டியாலா மரபில் பயின்ற உஸ்தாத் சராஹங் அவருள் ஒருவர். 1940களில் காபூல் வானொலி வளர்ந்தபொழுது, மலைகளாலும் மொழிகளாலும் பிரிந்து வாழ்ந்த மக்கள் ஒரே பாட்டைக் கேட்கும் வாய்ப்புப் பெற்றனர். தாரி மொழிப் பாட்டும் பஷ்டூன் மக்களின் இசைப்பாங்கும் இந்துஸ்தானி இசையிலக்கணமும் கலந்து ஒரு புதிய இசை உருவாயிற்று. 1950களில் பெண்களின் குரலும் அவ்வானொலியில் ஒலித்தது.

போர் இவ்விசையை நாடு கடத்தியது. 1970களில் ஹெராத் நகரில் இசையாய்வு செய்த ஆங்கிலேய அறிஞர் ஜான் பெய்லி, 1985இல் 'அமீர்' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். ஹெராத்தில் அவர் அறிந்திருந்த ரபாப் கலைஞர் ஒருவர், பெஷாவர் நகரில் அகதியாய் வாழும் வாழ்வே அதன் பொருள். போரில் மாண்டோர்க்குத் துக்கம் காத்த அகதி முகாம்களில் இசை விலக்கப்பட்டிருந்தது. ஆகவே இசைவாணர் நகரில் தங்கித் திருமண வீடுகளில் வாசித்துப் பிழைத்தனர். மகிழ்ச்சிப் பாட்டை வாசிக்கும் விரல்களையும், தாயகம் மீள ஏங்கும் முகத்தையும் அப்படம் ஒருசேரக் காட்டுகிறது. இதனை எந்தப் போர்ச் செய்தியும் நமக்குக் கூறியதில்லை.

1996இல் தாலிபான் காபூலைக் கைப்பற்றியபின் கருவியிசை முற்றாகத் தடுக்கப்பட்டது. பறிக்கப்பட்ட ஒலிநாடாக்கள் கம்பங்களில் தொங்கவிடப்பட்டன. 'ஆப்கான் பிலிம்' என்னும் அரசுத் திரைப்பட நிறுவனத்தின் சுருள்கள் பலவும் எரியூட்டப்பட்டன. ஆயினும், மூலச் சுருள்கள் பல அழியாது தப்பின. அங்குப் பணியாற்றிய ஊழியர்கள் பொய்ச்சுவர் எழுப்பி அவற்றை மறைத்திருந்தனர். அகப்பட்டால் மரணம் என்பதை அறிந்தே அவர்கள் அதனைச் செய்தனர். பட்டமும் பரிசும் பெறாத அவ்வூழியரே ஒரு நாட்டின் நினைவைக் காத்த வரலாற்றாசிரியர் எனின் மிகையாகாது. 2019ஆம் ஆண்டில் வெளிவந்த 'தி பர்பிடன் ரீல்' என்னும் ஆவணப்படம் அவ்வரலாற்றை உலகறியச் செய்தது.

2001இல் அவ்வாட்சி வீழ்ந்தபின் இசை மீண்டது. அச்சம் மட்டும் முற்றும் நீங்கவில்லை. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியொன்றைச் சித்திரிக்கும் 'ஆப்கான் ஸ்டார்' என்னும் 2009ஆம் ஆண்டு ஆவணப்படத்தில், கைத்தொலைபேசி வழி வாக்களிக்கும் மக்களின் ஆர்வத்தைக் காண்கிறோம். மேடையில் ஆடுகையில் முக்காடு நழுவிய ஓர் இளம்பெண்ணுக்கு வந்த கொலை மிரட்டலையும் அதே படத்தில் காண்கிறோம். 2010இல் காபூலில் தொடங்கப்பெற்ற தேசிய இசைக் கழகத்தில் சிறுவரும் சிறுமியரும் ஒருங்கே பயின்றனர். 2021இல் தாலிபான் ஆட்சி மீண்டதும் இசையும் மீண்டும் ஒடுக்கப்பட்டது. அக்கழகத்தைச் சேர்ந்த 270க்கும் மேற்பட்டோர் போர்த்துகலில் அடைக்கலம் புகுந்தனர்.

2024ஆம் ஆண்டில், ரபாப் செய்யும் கலையும் வாசிக்கும் கலையும் மாந்தகுலத்தின் பண்பாட்டு மரபாக யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றன. ஆப்கானிஸ்தான், ஈரான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளுக்கும் உரிய சிறப்பாக அஃது அறிவிக்கப்பட்டது. உலகம் போற்றிய அக்கருவியைத் தன் ஊரில் அச்சமின்றி மீட்ட இயலாத நிலையில் ஆப்கானியக் கலைஞன் நின்றான். இம்முரண்பாட்டை உணர்த்தாமல் ஆப்கானிய வரலாற்றைக் கற்பித்தல் நிறைவான கல்வியாகாது. வகுப்பறையில் ஆண்டுகளைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர், ஒரு ரபாப் இசைப்பதிவையும் ஓர் ஆவணப்படத்தையும் மாணவர்க்கு அறிமுகம் செய்வாராயின், தொலைவிலுள்ள அம்மக்கள் வெறும் செய்தியாக நில்லாது, நம்மைப் போலவே பாடியும் அழுதும் வாழும் மாந்தராக அவர்தம் உள்ளத்தில் இடம்பெறுவர்.