இளைப்பாறுங் காலத்துக்கு ஓர் ஊன்றுகோல்



உழைக்கும் கை ஓயும் நாள் எவர்க்கும் வரும். அந்நாளில் உணவுக்கும் மருந்துக்கும் பிறர் முகம் பாராது வாழ வழி என்ன? வினா பழையது, அதற்கு மனிதன் கண்ட விடைகளோ காலந்தோறும் மாறி வந்துள்ளன.

நம் முன்னோரின் முதுமையை நிலமும் வளவும் கூட்டுக் குடும்பமும் தாங்கின. வயலை விட்டு மாதச் சம்பளத்தை நம்பி வாழத் தலைப்பட்டபோது இத்தாங்கல் தளரலாயிற்று. வேலை நின்றதும் வருவாயும் நின்றது.

இக்குறை தீர முதலிற் காட்டப்பட்ட வழி சிக்கனம். தேசாதிபதி ஹோர்ட்டன் காலத்தில், 1832ஆம் ஆண்டில், இலங்கைச் சேமிப்பு வங்கி நிறுவப்பட்டது. 1885இல் தபாற் கந்தோர்ச் சேமிப்பு வங்கி தோன்றியது. ஆயினும், அன்றாடச் சீவனத்துக்கே போதாத கூலி பெறுபவன் எதனைச் சேமிப்பான்?

இதற்கு ஜெர்மனி 1889இல் ஒரு விடை கண்டது. பிஸ்மார்க் தலைமை அமைச்சராயிருந்த அக்காலத்தில், தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூவரும் பங்கிட்டுச் சுமக்கும் முதுமைக் காப்புறுதி சட்டமாயிற்று. அதனைப் பெறும் வயது 70. அவ்வயதை எட்டியோர் சிலரே. எனினும், முதுமையில் பெறும் உதவி உழைப்பின் உரிமை என்னும் கொள்கை அன்று சட்டத்தில் ஏறியது. பிரித்தானியாவோ, 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 70 வயதடைந்த வறியோர்க்கு வாரம் 5 சிலிங் வரையில் அரச நிதியிலிருந்தே வழங்கியது.

இலங்கையில், அரச ஊழியரின் கைம்பெண்களுக்கும் அநாதைப் பிள்ளைகளுக்குமான ஓய்வூதிய நிதி 1898இலேயே சட்டமாயிற்று. தனியார் துறையினரோ நெடுங்காலம் காத்திருந்தனர். தொழில் அமைச்சர் டி. பி. இலங்கரத்னவின் காலத்தில், 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி உருவாயிற்று. இன்று சம்பளத்தில் ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் அதற்குச் செலுத்துகின்றனர். ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் அதனைப் பெறலாம். கமக்காரருக்கான ஓய்வூதியத் திட்டமும் 1987இல் சட்டமாயிற்று.

ஆயினும், ஓய்வூதியம் மாதந்தோறும் வருவது. சேமலாப நிதியோ ஒரே தொகையாகக் கைக்கு வருவது. எனக்குத் தெரிந்த ஒருவர், முப்பதாண்டு உழைப்பின் பயனாகப் பெற்ற அத்தொகை முழுவதையும் மகளின் சீதன வீட்டில் இட்டார். வீடு எழுந்தது; அவருக்கோ மருந்து வாங்கவும் மருமகனை நோக்கும் நிலை வந்தது. அன்பினாற் செய்த செயலைக் குறை கூற எனக்கு மனமில்லை. தமக்கென ஒரு பங்கை ஒதுக்கியிருப்பின், அவ்வன்பு இருபாலும் இனித்திருக்கும்.

ஒதுக்கிய பணமும் காலத்தாற் தேய்வதுண்டு. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் உயர்ந்திருந்தது. வட்டியை மட்டும் நம்பி வாழ்ந்த முதியோர் அன்று பட்ட பாட்டை நாம் கண்டோம்.

ஆகையால், நேயர்களே, முதற் சம்பளத்திலேயே சேமிப்பைத் தொடங்குங்கள். இளைப்பாறுமுன் கடனைத் தீருங்கள். பணம் முழுவதையும் ஓரிடத்தில் வையாதீர்கள். சிறு தோட்டமேனும் ஒரு கைத்தொழிலேனும் உடனிருக்கட்டும். உங்கள் நிதிக்குரிய பின்னுரித்தாளரின் பெயரைப் பதிந்து, பத்திரங்கள் இருக்குமிடத்தை மனைவி மக்களுக்குச் சொல்லிவையுங்கள்.

நானும் சில ஆண்டுகளில் இளைப்பாற இருப்பவன். பிறர்க்குச் சொன்ன இவற்றுள் நான் இன்னும் செய்யாதவை உள. நாளை முதல் அவற்றையும் செய்ய எண்ணியுள்ளேன்.