நான்கு குழல்கள் யாருடையவை?

நின்ற இடத்திலிருந்தே மேலெழும் போர் விமானம் என்றால் ஹாரியரைத்தான் சொல்வார்கள்; அது பிரிட்டனின் கண்டுபிடிப்பு என்றும் சேர்த்தே சொல்வார்கள். அந்தப் பின்பாதிதான் எனக்கு உறுத்தல். விமானத்தின் வயிற்றோரம் பக்கத்துக்கு இரண்டாகத் திரும்பும் நான்கு குழல்களை முதலில் வரைந்தது யார்? ஆண்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனேன்.

தடம் பிரான்ஸில் தொடங்குகிறது. 1956-இல் மிஷேல் விபோ என்ற வடிவமைப்பாளர் ஒரு டர்பைன் இயந்திரத்தால் சுழலும் நான்கு காற்றூதிகளை வரைந்தார். ஊதிகளின் கூட்டைத் திருப்பினால் காற்று கீழே பாயும், விமானம் எழும்பும். பிரெஞ்சு அரசு கைவிரித்துவிட்டது. பாரிஸிலிருந்த அமெரிக்க ஆயுத உதவி அலுவலகம் அதை பிரிஸ்டல் நிறுவனத்தின் ஸ்டான்லி ஹூக்கருக்கு அனுப்ப, அவர் கார்டன் லூயிஸிடம் கொடுத்தார்.

லூயிஸ் நான்கு ஊதிகளையும் தூக்கிப் போட்டு, இயந்திரத்தின் முன்னால் ஒரே விசிறியை வைத்தார். 1957 ஜனவரி காப்புரிமை விண்ணப்பத்தில் விபோ, லூயிஸ் இருவர் பெயரும் உண்டு. அடுத்து வந்த பி.இ.53 வடிவத்தில் விசிறிக் காற்றுக்கு மட்டுமே திரும்பும் குழல்கள், பக்கத்துக்கு ஒன்று. சூடான புகை நேராகப் பின்னால்தான் போயிற்று. நான்கு இரண்டாகிவிட்டது. மறுபடி நான்கானது எப்படி?

இங்கேதான் தேடல் சூடுபிடித்தது. அதே ஆண்டின் நடுவில், அந்த இயந்திரத்தை வைத்து, ஹாரியரின் முன்னோடியான பி.1127 விமானத்தை வரையத் தொடங்கியவர் ஹாக்கர் நிறுவனத்தின் ரால்ஃப் ஹூப்பர். அந்நிறுவனத்தின் பழைய சீ ஹாக் விமானத்தில் புகைக்குழாய் இரண்டாகப் பிரிந்து இறக்கைகளின் அடியோரம் வெளியேறும். ஹூப்பர் சூடான புகையையும் அப்படியே பிரித்து, இரு முனைகளிலும் திரும்பும் குழல்களைப் பொருத்தினார். இயந்திரத்தின் இரு சுழலிகளும் எதிரெதிராகச் சுழலவேண்டும் என்றதும் அவர்தான். இல்லையேல் அந்தரத்தில் நிற்கும் விமானம் பம்பரம்போலத் தன் போக்குக்குச் சாயும். காப்புரிமையில் அவர் பெயர் இல்லாததில் சூதொன்றும் இல்லை; அவர் வந்தது அதற்குப் பிறகு.

இன்னொன்று, தேடலுக்குத் தொடர்பில்லாவிட்டாலும் விட மனமில்லை. 1960 அக்டோபர் 21 அன்று டன்ஸ்ஃபோல்டில், கயிற்றால் கட்டிய பி.1127-ஐ முதன்முதலாகத் தரையிலிருந்து தூக்கிய பில் பெட்ஃபோர்டின் காலில் மாவுக்கட்டு! கார் விபத்து. கட்டிய விமானத்தை மட்டும் எழுப்பலாம் என்று மருத்துவர் அனுமதித்திருந்தார்.

சரி, பணம் யாருடையது? இயந்திர வளர்ச்சிச் செலவில் 75 விழுக்காடு அந்த அமெரிக்க அலுவலகத்தினுடையது. விமானத்தை ஹாக்கர் கைக்காசில் கட்டத் தொடங்கியது. ஆளோட்டும் போர் விமானங்களின் காலம் முடிந்தது என்று 1957-இல் வெள்ளை அறிக்கை வெளியிட்ட பிரிட்டிஷ் அரசு, இரண்டு முன்மாதிரிகளுக்குப் பணம் தர 1960-இல்தான் முன்வந்தது.