பொன்வண்டும் வேலமரமும்

சிங்கம்புணரி போன்ற வானம் பார்த்த பூமியில், முதல் மழைக்கு வேலமும் உசிலையும் தழைக்கும்போது பொன்வண்டும் வந்துவிடும். தமிழகத்தில் நன்கு அறியப்பட்ட இனம் ஸ்டெர்னோசெரா கிரைசிஸ். கழுத்து மரகதப் பச்சை. முதுகை மூடும் கெட்டியான மேற்சிறகுகள் செம்பழுப்பு. இதன் குடும்பத்து வண்டுகளில் பலவற்றின் புழுக்கள் மரத்தைத் துளைத்து வாழ்பவை. அவற்றில் ஒன்றான, 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகத வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றது. பொன்வண்டின் புழுவோ மண்ணுக்குள் வேர்களைத் தின்று வளர்கிறது. வளர்ந்த வண்டுக்கு இலையே உணவு.

தீப்பெட்டிக்குள் வேலங்கொழுந்தைப் போட்டு, அதில் பொன்வண்டை வளர்ப்பது தமிழகக் கிராமத்துப் பிள்ளைகளின் பழைய வழக்கம். கழுத்தில் நூல் கட்டிப் பறக்க விடுவார்கள். அது முட்டையிட்டிருக்கிறதா என்று பெட்டியை மெல்லத் திறந்து பார்ப்பதில்தான் எத்தனை ஆவல்! வண்டுக்கு அது சிறைதான். ஆனாலும் எந்த மரத்து இலையை எந்தப் பூச்சி தின்னும் என்ற அறிவு பிள்ளைகளுக்கு அப்படித்தான் கிடைத்தது.

இதே பேரினத்தைச் சேர்ந்த பச்சை வண்டு ஒரு வணிகப் பொருளாகவே இருந்தது. அதன் மேற்சிறகுகளைத் துளையிட்டு, ஜரிகையோடு மஸ்லின் துணியில் தைக்கும் வேலை 19-ஆம் நூற்றாண்டில் சென்னை, ஐதராபாத் போன்ற நகரங்களில் நடந்தது. சிறகுகள் பர்மாவிலிருந்தும் வந்தன. 1888-இல் லண்டன் மேடையில் லேடி மேக்பத்தாக நடித்த எலன் டெர்ரியின் உடையில் சுமார் ஆயிரம் சிறகுகள் இருந்தன. 1903 டெல்லி தர்பாரில் வைஸ்ராயின் மனைவி கர்சன் சீமாட்டி அணிந்த மயில் கவுனிலும் அவை மின்னின. அந்தப் பச்சை சாயமன்று. சிறகின் நுண்ணடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றும் நிறம். அதனால்தான் நூறாண்டு கடந்தும் அது வெளுக்கவில்லை.

பொன்வண்டின் வரலாறு மரத்தின் வரலாறும்தான். 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலம், பழைய ராமநாதபுரம் சீமையின் கண்மாய்களையும் தரிசுகளையும் பிடித்துக்கொண்டது. நாட்டு வேலத்துக்கும் உசிலைக்கும் இடம் சுருங்கியது. சீமைக் கருவேலத்தை அகற்றும்போது பக்கத்தில் நிற்கும் நாட்டு மரத்தையும் சேர்த்துச் சாய்த்துவிடக் கூடாது. அடுத்த மழைக்கு வெளிவர வேண்டிய பொன்வண்டு, அந்த நாட்டு மரத்தின் வேரடி மண்ணில் இப்போது புழுவாக இருக்கலாம்.