கரிசலும் எங்கம்மாவின் குப்பைக்குழியும்



போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கூப்பிட்டான். "சார், புது வீட்டுக் கொல்லையில வச்ச பப்பாளி மூணும் அழுகிப்போச்சு. இந்தக் கரிசலைத் தோண்டி எறிஞ்சுட்டு நாலு லோடு செம்மண் அடிக்கப்போறேன்" என்றான். "பொறுடா" என்றேன். அவனிடம் சொன்னதில் பாதி வரலாறு, பாதி நான் செய்த தப்பு.

கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் கை நுழையுமளவு வெடிக்கும். அடைமழையில் அதற்குள் காற்றே இருக்காது. பப்பாளி செத்தது சத்தில்லாமல் அல்ல, வேர் மூச்சுவிட முடியாமல்.

வேருக்குக் காற்று வேண்டும் என்று விடாமல் சொன்னவர் ஆல்பர்ட் ஹோவர்ட். 1905இல் பீகாரின் பூசாவுக்கு வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1924இல் இந்தூரில் 300 ஏக்கரில் ஆய்வு நிலையம் தொடங்கினார். அங்கேயும் நம்மூர் மாதிரி பருத்திக் கரிசல்தான். பருத்திமார், களை, சருகு, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், அடுப்புச் சாம்பல் எல்லாவற்றையும் 2 அடி ஆழக் குழியில் அடுக்கி, 3 முறை புரட்டிவிட்டால் 90 நாளில் உரம். யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து 1931இல் இதைப் புத்தகமாகவும் போட்டார். இந்திய விவசாயியைத் தன் வாத்தியார் என்று சொன்ன மனிதர். நான் அப்படிச் சொல்லவில்லையே!

1980களில் வகுப்பில் யூரியாவைப் புகழ்ந்தேன். குப்பைக்குழி பழைய பஞ்சாங்கம் என்றேன். அதைக் கேட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். வீட்டுக்குப் பின்னால் அம்மா வைத்திருந்த குழியையும், நாற்றமடிக்கிறது என்று மூடவைத்தேன். அம்மா எதிர்த்துப் பேசவில்லை. நாலைந்து வருஷத்தில் கத்தரிப் பாத்தி இறுகிப்போனது. இளகட்டும் என்று ஒரு வண்டி ஆற்றுமணல் கலந்தேன். களியும் மணலும் பிடித்துக்கொண்டு காரை போட்ட தரை மாதிரி ஆகிவிட்டது. "ஏட்டுச் சுரைக்காய் வாத்தியாரே, கடப்பாரை எடுத்துட்டு வா" என்றாள் அம்மா. அவள் இருக்கும்வரை அந்தக் குழியை நான் திரும்ப வெட்டவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு வெட்டினேன். வருஷம் இரண்டு தடவை மக்கு உரம், மேலே சருகு மூடாக்கு, ஈரத்தில் பாத்தியை மிதிக்காமல் இருப்பது, இவ்வளவுதான். மூன்றாம் வருஷம் மண் புட்டுமாவு போல உதிர்ந்தது. கொய்யா இப்போது காய்த்துத் தள்ளுகிறது. பப்பாளியை மட்டும் முழங்கால் உயர மேட்டில்தான் வைக்கிறேன்.

செம்மண் லோடை நிறுத்திவிட்டானாம். ஞாயிற்றுக்கிழமை குழி வெட்டப் போகிறோம். அவன் அம்மா இரண்டு மூட்டை ஆட்டுப்புழுக்கை சேர்த்து வைத்திருக்கிறார்.