‘ஷீ’ என்ற ஆங்கிலச் சொல்லும் சீன மொழியும்

‘ஷீ’ என்பது ஆங்கிலத்தில் ‘அவள்’ அல்லது பெண்ணைக் குறிக்கும் ‘அவர்’ எனப் பொருள்படும் படர்க்கைப் பெயர்ச்சொல் ஆகும். ஆங்கிலம் கற்கத் தொடங்குவோர் முதல் வாரத்திலேயே அறியும் எளிய சொற்களுள் இதுவும் ஒன்று. ஆயினும் சீன மொழி பேசுவோருக்கு இச்சொல் நீண்ட காலம் சிக்கலாகவே இருந்து வந்துள்ளது. இதற்கு இணையான எழுத்து ஒன்றைச் சீனர்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வழக்கிற்குக் கொண்டு வந்தனர்.

பின்னணி

தமிழில் அவன், அவள், அது என்னும் வேறுபாடு சொல்லிலும் வினைமுற்றிலும் வெளிப்படும். சீனத்தில் அவ்வாறில்லை. வடசீனப் பேச்சுமொழியில் ஆண், பெண், பொருள் அனைத்தையும் ‘தா’ என்ற ஒரே ஒலியால் குறிப்பர். வினைச்சொல்லும் பாலுக்கேற்ப மாறுவதில்லை. இதனை எழுதவும் ‘மனிதர்’ என்ற குறியை இடப்பக்கத்தில் கொண்ட ஒரே எழுத்தே பெரிதும் பயன்பட்டது. யாரைக் குறிக்கிறது என்பதைச் சூழலே உணர்த்தியது.

தொடக்ககால முயற்சிகள்

ஆங்கிலேய மதபோதகர் ராபர்ட் மோரிசன், சீன மாணவர்களுக்கான ஆங்கில இலக்கண நூல் ஒன்றை 1823இல் வெளியிட்டார். ‘ஹீ’, ‘ஷீ’, ‘இட்’ ஆகிய மூன்றையும் விளக்க, ‘தா’ என்ற எழுத்துடன் முறையே ஆண், பெண், பொருள் என்னும் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டினார். பாடநூலுக்கு இம்முறை போதுமானதாக இருந்தது. ஆனால் மேலைநாட்டுக் கதைகளும் நாடகங்களும் பெருமளவில் மொழிபெயர்க்கப்பட்டபோது, ஓர் ஆணும் பெண்ணும் உரையாடும் இடங்களில் யார் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்ற குழப்பம் ஏற்பட்டது.

இதற்குத் தீர்வாகப் ‘பெண்’ என்ற குறியை இடப்பக்கத்தில் கொண்ட எழுத்தைப் பயன்படுத்தலாம் என்று பீக்கிங் பல்கலைக்கழக ஆசிரியரும் கவிஞருமான லியூ பான்னொங் கருதினார். இவ்வடிவம் பழைய அகராதிகளில் வேறு பொருளில் இருந்ததே. 1918இல் ‘புதிய இளைஞர்’ இதழில் எழுத்தாளர் சௌ சுவோரென் இந்த யோசனையைக் குறிப்பிட்டார். ஆனால் அச்சகத்தில் அந்த எழுத்துக்கு அச்சு இல்லை. ஆகவே அவர் பழைய ‘தா’ எழுத்தின் அருகில் ‘பெண்’ என்பதைச் சிறிய எழுத்தாக இட்டு அச்சிட்டார்.

‘யீ’ என்ற மற்றொரு சொல்லும் போட்டியில் இருந்தது. லூ சுன் தம் தொடக்ககாலக் கதைகள் சிலவற்றில் பெண்களைக் குறிக்க ‘யீ’ என்பதையே எழுதினார். 1924இல் வெளியான ‘புத்தாண்டுப் பலி’ கதையில் புதிய எழுத்துக்கு மாறிவிட்டார்.

புதிய எழுத்தின் பரவல்

1920இல் லண்டனில் தங்கியிருந்த லியூ பான்னொங், இவ்வெழுத்தின் தேவையை விளக்கிக் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் அவர் எழுதிய காதல் கவிதையொன்றில் இவ்வெழுத்து இடம்பெற்றது. 1926இல் மொழியியலாளர் சாவ் யுவான்ரென் அதற்கு இசையமைத்தார். அப்பாடல் புகழ்பெற்றதால் எழுத்தும் பரவலாக அறிமுகமானது. ஆங்கிலத்தில் கப்பலையும் நாட்டையும் ‘ஷீ’ எனக் குறிக்கும் மரபு உண்டு. சீனத்திலும் தாய்நாட்டைக் குறிக்க இவ்வெழுத்து பயன்படலாயிற்று.

எதிர்ப்பு

எல்லாரும் இதை வரவேற்கவில்லை. ஆணைக் குறிக்கும் எழுத்தில் ‘மனிதர்’ குறி நீடிக்க, பெண்ணுக்கு மட்டும் அக்குறி நீக்கப்பட்டதைச் சிலர் கண்டித்தனர். விலங்குகளுக்கு ‘மாடு’ குறி கொண்ட எழுத்தும் வழங்கியதால், பெண் மனித இனத்தில் சேராதவளா என்ற கேள்வி எழுந்தது. 1930களில் பெண்கள் இதழ் ஒன்று இவ்வெழுத்தைப் பயன்படுத்த மறுத்தது. பெண்களைத் தனியே காட்டுவது மதிப்பா, விலக்கலா என்ற விவாதம் முடிவடையும் முன்பே பாடநூல்களும் நாவல்களும் அதனை நிலைபெறச் செய்துவிட்டன. இன்றும் ஆணும் பெண்ணும் கலந்த குழுவைக் குறிக்கும்போது ‘மனிதர்’ குறி கொண்ட எழுத்தே வழக்கமாக எழுதப்படுகிறது.

ஆங்கிலம் கற்போர் எதிர்கொள்ளும் சிக்கல்

புதிய எழுத்துக்குத் தனி ஒலி தரும் யோசனைகளும் முன்வைக்கப்பட்டன. அவை பேச்சுவழக்கில் நிலைக்கவில்லை. எனவே சீனத்தில் இவ்வேறுபாடு கண்ணுக்கு மட்டுமே உரியது, காதுக்கு எட்டுவதில்லை. ஆங்கிலத்தில் நன்கு தேர்ச்சி பெற்ற சீனரும் விரைந்து பேசும்போது தம் தாயை ‘ஹீ’ என்று கூறிவிடுவது இதனால்தான். அவர் ‘ஷீ’ என்பதன் பொருளை அறியாதவர் அல்லர். வாய் திறக்கும் முன் பாலைத் தீர்மானிக்கும் கட்டாயம் அவரது தாய்மொழியில் இல்லை என்பதே காரணம். இலக்கண விதியை மீண்டும் விளக்குவதைவிடப் பேச்சுப் பயிற்சியே இத்தகைய தவறுக்குப் பொருத்தமான வழியாகும்.

அண்மைக் காலத்தில், பாலைக் குறிப்பிட விரும்பாத சீன இணையப் பயனர்கள் ‘தா’ என்ற ஒலியை உரோமன் எழுத்துகளில் எழுதுகின்றனர். ‘ஷீ’ என்ற சொல்லை மொழிபெயர்க்கப் பிரிக்கப்பட்ட எழுத்துகள், இவ்வாறு மீண்டும் ஒரே வடிவில் இணைகின்றன.